நரம்புக்கலத்தின் அழிவும் ஒட்சியேற்றமும்

விளக்கு எரியும்போது ஒளி உண்டாகின்றது. உடன் கரியும் உண்டாகின்றது. உயிருள்ள உடலின் நிலையும் ஏறத்தாழ இதுவே. நாம் உண்ணும் உணவு, நாம் சுவாசிக்கும் ஒட்சிசனோடு கூடி உடலினுள் மெல்ல எரிந்து ஆற்றலைத் தருகின்றது. அவ்வெரிதலின் பக்கவிளைவாகத் தீமை பயக்கும் சில பொருள்களும் தோன்றுகின்றன. அவற்றைத் தோன்றத் தோன்ற அடக்கும் வலிமை உடலுக்கு இயல்பாக உண்டு. தோற்றம் மிகுந்தோ, அடக்கும் வலிமை குன்றியோ இவ்விரண்டினதும் சமநிலை கெடுமாயின், அந்நிலையை ஒட்சியேற்றத் தகைப்பு என விஞ்ஞானிகள் வழங்குவர்.

முதுமையில் நரம்புக்கலங்கள் சிறிது சிறிதாக அழிவதனால் வரும் நோய்கள் சில உள. நினைவை அழிக்கும் அல்சைமர் நோய், நடுக்கத்தையும் விறைப்பையும் தரும் பாக்கின்சன் நோய், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் இயக்க நரம்புக்கல நோய் என்பன அவற்றுட் சில. இவை யாவற்றிலும் ஒட்சியேற்றத் தகைப்பின் சுவடுகள் காணப்படுகின்றன. சுவடு காணப்படுதல் ஒன்று. அதுவே நோய்க்கு முதற்காரணம் எனத் துணிதல் வேறொன்று. இவ்வேறுபாட்டை மறந்தமையால் நோயாளருக்கு நேர்ந்த இடரும் உண்டு. ஆதலின், நன்கு ஆராயப்பட்ட பாக்கின்சன் நோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒட்சியேற்றம் நரம்புக்கலத்தை எவ்வாறு அழிக்கின்றது என்பதையும், அதிலிருந்து நாம் எதனை முடிவாகக் கொள்ளலாம் என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

ஒட்சிசனின் இரு முகங்கள்

ஒவ்வொரு கலத்தினுள்ளும் இழைமணி எனப்படும் நுண்ணுறுப்புக்கள் பல உள்ளன. உணவிலிருந்து பெற்ற இலத்திரன்கள் இழைமணியின் உட்சுவரிலுள்ள புரதத் தொகுதிகளின் வழியே ஒன்றிலிருந்து ஒன்றிற்குக் கைமாறி, ஈற்றில் ஒட்சிசனை அடைந்து நீராகின்றன. இக்கைமாற்றத்தின்போதே கலத்துக்கு வேண்டிய ஆற்றல் பிறக்கின்றது. ஆயின், இலத்திரன் யாவும் முறையான வழியே செல்வதில்லை. இடைவழியில் நழுவும் ஒரு சில, ஒட்சிசன் மூலக்கூறைத் தனித்தனியே பற்றிக்கொள்ளும். அவ்வாறு ஓர் இலத்திரனை மிகையாகப் பெற்ற ஒட்சிசனே சுப்பரொட்சைட்டு எனப்படுவது. சோடி சேராத இலத்திரனையுடைய இத்தகைய பொருள்களைச் சுயாதீன மூலிகங்கள் என்பர்.

உடல் இதற்கு எதிராக வைத்திருக்கும் காவல் நுட்பமானது. சுப்பரொட்சைட்டை ஐதரசன் பேரொட்சைட்டாக மாற்றும் நொதியம் ஒன்று உண்டு. இதன் தொழிலை 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மக்கோட், பிறிடோவிச் என்னும் இருவர் கண்டறிந்து வெளியிட்டனர். இவ்வாறு தோன்றும் ஐதரசன் பேரொட்சைட்டை வேறு நொதியங்கள் நீராக்கிவிடும். அவற்றுட் சிலவற்றுக்குத் துணையாக நின்று தன்னை ஈடாகக் கொடுப்பது குளுற்றாதயோன் என்னும் சிறு மூலக்கூறு.

இக்காவல் தளருமிடத்து இரும்பு ஒரு புதிய இடரை விளைக்கின்றது. இரும்பும் ஐதரசன் பேரொட்சைட்டும் கூடும்போது மிகுந்த ஒட்சியேற்ற வலிமை பிறப்பதை 1894 ஆம் ஆண்டிலேயே பென்றன் என்னும் ஆங்கில இரசாயனவியலாளர் விளக்கியிருந்தார். அவ்வினையில் ஐதரொட்சில் மூலிகம் தோன்றுகின்றது என்று பின்வந்தோர் தெளிவுபடுத்தினர். இம்மூலிகத்தைத் தடுக்கவல்ல நொதியம் உடலில் இல்லை. தோன்றிய இடத்தில் அருகிலிருக்கும் கொழுப்பு, புரதம், பரம்பரைப் பொருள் ஆகிய எதனையும் அது தாக்கும்.

மூளை இத்தாக்கத்துக்கு எளிதில் ஆளாவது. வளர்ந்த மனிதனின் உடல் நிறையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதமே. எனினும் ஓய்வுநிலையில் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது தனியே கொள்கின்றது. நரம்புக்கலத்தின் மென்சவ்விலுள்ள கொழுப்புக்களோ எளிதில் ஒட்சியேறும் வகையின. மேலும், தோலிலும் குடலிலும் போன்று பழுதுற்ற கலத்தை நீக்கிப் புதுக்கலத்தை அவ்விடத்து வைக்கும் வழி பெரும்பாலான நரம்புக்கலங்களுக்கு இல்லை. எழுபது, எண்பது ஆண்டுகளில் நேரும் பழுதுகளை ஒரே கலம் தாங்கவேண்டியுள்ளது.

நடுமூளையின் கருநிறப் பகுதி

இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பாக்கின்சன் 1817 ஆம் ஆண்டில் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். ஆறு நோயாளரைப் பற்றிய குறிப்புக்களே அதற்கு ஆதாரம். கை நடுங்குதல், உடல் முன்னே வளைதல், நடை தன்வயமின்றி விரைதல் ஆகியவற்றை அவர் தெளிவாக எடுத்துரைத்தார். மூளையின் எப்பகுதி பழுதுறுகின்றது என்பது ஒரு நூற்றாண்டின் பின்னரே தெளிவாயிற்று. 1919 ஆம் ஆண்டில் திரெத்தியாக்கொவ் என்பார், நடுமூளையில் இயல்பாகக் கருநிறங்கொண்டு விளங்கும் சிறு பகுதி இந்நோயாளரிடத்தில் வெளிறிப்போவதைக் காட்டினார். 1957 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆவிட் காள்சன், டோபமீன் மூளையின் இயக்கத்துக்கு இன்றியமையாதது என்பதை விலங்குகளில் நிறுவினார். 1960 ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த எயரிங்கரும் ஓணிக்கீவிச்சும் இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமீன் பெரிதும் குறைந்திருப்பதை அளந்து காட்டினர். கருநிறப் பகுதியின் கலங்களே அந்த டோபமீனை ஆக்குவன.

மூளையிலுள்ள கோடிக்கணக்கான கலங்களுள் இவை முதலில் அழிவது ஏன்? விடையின் ஒரு கூறு டோபமீனிலேயே உள்ளது. டோபமீன் தானாகவே ஒட்சியேறுமியல்பினது. அதனைச் சிதைக்கும் நொதியமும் ஒவ்வொரு முறையும் ஐதரசன் பேரொட்சைட்டைத் தோற்றுவிக்கின்றது. இப்பகுதியின் கருநிறமே ஒட்சியேறிய டோபமீனிலிருந்து பிறந்த நிறப்பொருளாகும். அது இரும்பைப் பற்றிவைத்திருக்கும் தன்மையுடையது. எனவே, பென்றன் கூறிய வினைக்கு வேண்டிய இரு பொருள்களும் இங்கே அருகருகே உள்ளன.

கலத்தின் அமைப்பு மற்றொரு கூறு. டோபமீன் கலமொன்று நுண்கிளைகளாகப் பிரிந்து இலட்சக்கணக்கான இணைப்புக்களைத் தோற்றுவிக்கின்றது. எலியின் மூளையிலேயே இத்தகைய ஒரு கலத்தின் கிளைகள் யாவற்றையும் நீட்டி ஒன்றுசேர்த்தால் ஏறத்தாழ அரை மீற்றர் நீளம் வரும். இத்துணைப் பெரிய அமைப்பைப் பேணும் ஆற்றலை அதன் இழைமணிகள் இடைவிடாது ஆக்கவேண்டும். அன்றியும், தூண்டுவார் இன்றித் தாமே ஒழுங்காகத் துடிக்கும் இக்கலங்களினுள் ஒவ்வொரு துடிப்பின்போதும் கல்சியம் புகுகின்றது. அதனை வெளியேற்றுவதற்கும் ஆற்றல் வேண்டும். நோயின்றியே இக்கலங்கள் தம் வலிமையின் எல்லைக்கு அருகில் வாழ்கின்றன என்க.

இறந்தோரின் மூளையை ஆராய்ந்தபோதும் இவ்விளக்கத்துக்கு இசைவான செய்திகளே கிடைத்தன. கருநிறப் பகுதியில் இரும்பு மிகுந்திருந்தது, குளுற்றாதயோன் குறைந்திருந்தது, ஒட்சியேறிச் சிதைந்த கொழுப்பும் புரதமும் காணப்பட்டன.

ஒரு நஞ்சு கற்பித்த பாடம்

இறந்தபின் ஆராய்வதில் ஒரு குறை உண்டு. எரிந்த வீட்டின் சாம்பலைக் கண்டு நெருப்பு எங்கே தொடங்கியது என்று சொல்லுதல் அரிது. இவ்வகையில் பெருந்திருப்பமாக அமைந்தது 1982 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் நேர்ந்த ஒரு துயரம். போதைப்பொருளுக்கு அடிமைப்பட்ட இளைஞர் சிலர், கள்ளத்தனமாக ஆக்கப்பட்ட செயற்கைப் பொருளொன்றை ஊசிமூலம் ஏற்றிக்கொண்டு, சில நாள்களுள் முதியோரைப் போல விறைத்து அசைவற்றுப் போயினர். நரம்பியல் வைத்தியர் வில்லியம் இலாங்ஸ்டனும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்து, அப்பொருளில் எம்.பி.ரி.பி. என்னும் கலப்பு இருந்ததை 1983 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அந்நஞ்சு செல்லும் வழி படிப்படியாக அறியப்பட்டது. மூளையினுட் புகுந்ததும், நரம்புக்கலங்களைத் தாங்கிநிற்கும் துணைக்கலங்களிலுள்ள ஒரு நொதியம் அதனை ஒட்சியேற்றி வேறொரு பொருளாக்குகின்றது. டோபமீனை மீள உள்ளிழுக்கும் வாயிலின் வழியே அப்பொருள் டோபமீன் கலங்களினுள் நுழைந்து, இழைமணியின் முதலாம் புரதத் தொகுதியை அடைத்துவிடுகின்றது. இலத்திரன் செல்லும் வழி அடைபடவே ஆற்றல் குறைகின்றது, நழுவும் இலத்திரன்கள் மிகுகின்றன, சுப்பரொட்சைட்டு பெருகுகின்றது. முன்னர்க் கூறிய நொதியத்தைத் தடுத்துவிட்டு நஞ்சை ஏற்றியபோது குரங்குகள் நோயுறாது தப்பின என்பதும் 1984 ஆம் ஆண்டில் காட்டப்பட்டது.

நஞ்சுண்ணாத, இயல்பாக நோயுற்றவரிடத்தும் இவ்விடந்தான் பழுதுற்றிருந்ததா? ஆம் என்றது 1989 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி. பாக்கின்சன் நோயாளரின் கருநிறப் பகுதியில் அதே முதலாம் புரதத் தொகுதியின் செயல் குறைந்திருப்பதாக இலண்டன் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர்.

நம் நாட்டு விவசாயிகள் நன்கறிந்திருந்த பரகுவாட் என்னும் களைநாசினியும் இவ்வாராய்ச்சியில் இடம்பெறுகின்றது. அதன் மூலக்கூற்று அமைப்பு மேற்கூறிய நஞ்சினதை ஒத்தது. இலத்திரனைப் பற்றி ஒட்சிசனுக்குக் கொடுத்துச் சுப்பரொட்சைட்டை மீண்டும் மீண்டும் ஆக்கவல்லது. இதனைக் கையாண்டோரிடத்துப் பாக்கின்சன் நோய் மிகுதியாகக் காணப்பட்டதென அமெரிக்க ஆய்வொன்று 2011 ஆம் ஆண்டில் கூறியது. அத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. இலங்கையில் 2008 ஆம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாக இது விலக்கப்பட்டது. அதனை உட்கொண்டு இறந்தோரின் தொகையே அதற்குக் காரணமாயிற்று.

வட்டமாய்ச் சுழலும் தீங்கு

நோயாளரின் நரம்புக்கலங்களில் உருண்டையான திரள்கள் காணப்படுவதை 1912 ஆம் ஆண்டில் லூவி என்னும் ஜெர்மானியர் விவரித்தார். அவை அல்பா-சினூக்கிளீன் என்னும் புரதத்தால் ஆயவை என்பது 1997 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதே ஆண்டில், அப்புரதத்துக்குரிய பரம்பரையலகில் ஏற்படும் மாற்றம் சில குடும்பங்களில் நோயைத் தருவதும் அறியப்பட்டது. ஒட்சியேற்றம் இப்புரதத்தின் வடிவைக் குலைத்துத் திரளச் செய்கின்றது. திரண்ட புரதம் இழைமணியைத் தாக்கி ஒட்சியேற்றத்தைப் பெருக்குகின்றது.

வேறு சில குடும்பங்களில் இளவயதிலேயே நோய் வருகின்றது. அவர்களிடம் பழுதுற்றிருந்த பரம்பரையலகுகளுள் ஒன்று 1998 ஆம் ஆண்டிலும் மற்றொன்று 2004 ஆம் ஆண்டிலும் கண்டுபிடிக்கப்பட்டன. பழுதுற்ற இழைமணியை இனங்கண்டு அகற்றுவதே அவை இரண்டினதும் தொழில். அகற்றுவார் இல்லாதபோது பழுதுற்ற இழைமணி கலத்தினுள்ளேயே இருந்து தீமை விளைக்கும். இறக்கும் கலங்கள் வெளிவிடும் பொருள்களோ மூளையின் காவற்கலங்களைத் தூண்டி அழற்சியை எழுப்புகின்றன. அக்காவற்கலங்கள் தாமும் சுயாதீன மூலிகங்களை வெளிவிடுகின்றன.

இங்ஙனம் இழைமணியின் பழுது, புரதத்தின் திரட்சி, அழற்சி, ஒட்சியேற்றம் என்பன ஒன்றையொன்று வளர்த்துச் சுழல்கின்றன. ஈற்றில் இழைமணியின் சுவர் ஊடுபுக விடுவதாகிக் கலம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் முறை தொடங்குகின்றது. நடுக்கமும் விறைப்பும் முதலில் வெளித்தோன்றும்போதே கருநிறப் பகுதிக் கலங்களில் ஏறத்தாழ அரைப்பங்கு அழிந்திருக்கும் எனக் கணிக்கப்படுகின்றது.

காரணமோ, உடனிகழ்ச்சியோ?

இதுகாறும் கூறியவற்றைக் கற்கும் ஒருவர், ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் நோய் நின்றுவிடும் என்று எளிதிற் கருதுவர். அறிஞரும் அவ்வாறே கருதினர். அக்கருத்துப் பரிசோதிக்கப்பட்ட வரலாறே இவ்வாராய்ச்சியின் சிறந்த பகுதி.

1987 ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெரும் பரிசோதனையில் நோயின் தொடக்கநிலையிலிருந்த 800 பேர் சேர்க்கப்பட்டனர். விற்றமின் ஈ அவர்களுக்கு எப்பயனும் தரவில்லை என்பது 1993 ஆம் ஆண்டில் முடிவாயிற்று. இழைமணியில் இலத்திரனைக் கொண்டுசெல்லும் துணைநொதியம் கியூ 10 என்பதை 600 பேரில் சோதித்த ஆய்வின் முடிவு 2014 ஆம் ஆண்டில் வெளிவந்தது, அதுவும் பயனளிக்கவில்லை. உடலின் இயற்கையான எதிரொட்சியேற்றியாகிய யூரிக்கமிலத்தை இரத்தத்தில் உயர்த்திப் பார்த்த ஆய்வும் 2021 ஆம் ஆண்டில் அவ்வாறே முடிந்தது. இரும்பை அகற்றும் டெபறிப்புறோன் என்னும் மருந்தைப் புதிய நோயாளருக்குக் கொடுத்த ஆய்வின் முடிவு 2022 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்துண்டோரின் மூளையில் இரும்பு குறைந்தது. ஆயின் அவர்களின் நோயோ, மருந்துண்ணாதோரைக் காட்டிலும் மோசமாயிற்று. டோபமீனை ஆக்கும் நொதியத்துக்கும் இரும்பு வேண்டும் என்பது இங்கே நினைவுகொள்ளத்தக்கது.

இயக்க நரம்புக்கல நோயின் வரலாறும் இதனையே அறிவுறுத்துகின்றது. சில குடும்பங்களில் இந்நோய்க்குக் காரணம், சுப்பரொட்சைட்டை அடக்கும் நொதியத்தின் பரம்பரையலகில் ஏற்பட்ட மாற்றமே என்பது 1993 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. காவல் நொதியம் குன்றியதால் கலம் இறந்தது என்ற விளக்கம் கேட்போருக்கு உடனே இனித்தது. ஆயினும், தம் இயல்பான நொதியம் குறையாத சுண்டெலிகளுக்கு மாற்றமுற்ற மனிதப் பரம்பரையலகைச் சேர்த்தபோது அவை நோயுற்றன. அந்நொதியத்தை முழுதும் இழந்த சுண்டெலிகளிடத்து அந்நோய் தோன்றவில்லை. காவல் குறைந்தமையன்று, மாற்றமுற்ற புரதம் புதிதாய்ப் பெற்ற நச்சுத்தன்மையே முதன்மையான காரணம் என்பது பெறப்பட்டது. அப்புரதத்தின் ஆக்கத்தையே குறைக்கும் தோபேர்சன் என்னும் மருந்து 2023 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

கொள்கை சான்றை முந்திச்சென்றதனால் விளைந்த தீங்கொன்றையும் இங்கே கூறுதல் வேண்டும். பாக்கின்சன் நோயாளருக்குப் பெருந்துணையாக இருப்பது, மூளையில் டோபமீனாக மாறும் லெவோடோபா என்னும் மருந்து. பூனைக்காலி விதையில் இப்பொருள் இயற்கையாகவே உண்டு. சென்னையில் ஆராய்ந்த தாமோதரனும் இராமசுவாமியும் 1937 ஆம் ஆண்டில் அதனை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். இதனை மருந்தாகப் பெருமளவிற் கொடுத்துப் பயன்கண்டவர் கொற்சியாஸ் என்பார். அது 1967 ஆம் ஆண்டிலாகும். பின்னர் ஓர் அச்சம் எழுந்தது. டோபமீன் ஒட்சியேறிக் கலத்தைக் கொல்லுமெனின், டோபமீனைப் பெருக்கும் மருந்து நோயை விரைவுபடுத்தாதோ என்பதே அவ்வச்சம். சோதனைக் குழாயில் வளர்த்த கலங்கள் லெவோடோபாவால் இறந்தமையும் அதற்கு வலுவூட்டியது. அதனால், நடக்கவும் உண்ணவும் இடர்ப்பட்ட நோயாளர் பலர், தமக்கு உதவும் மருந்தை இயன்றவரை பிற்போட்டு வருந்தினர்.

இவ்வச்சத்தை மனிதரிடத்தே சோதித்த ஆய்வின் முடிவு 2004 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 361 பேர் பங்குகொண்ட அவ்வாய்வில், 40 வாரங்கள் மருந்துண்டு பின் இரண்டு வாரங்கள் நிறுத்திய நிலையிலும், லெவோடோபா உண்டோரின் உடல்நிலை உண்ணாதோரினதை விட நன்றாகவே இருந்தது. மூளைப் படங்கள் சில ஐயங்களை எழுப்பினவாயினும், 445 பேரைக் கொண்டு 2019 ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோராய்வு, மருந்தை முந்தித் தொடங்கியோருக்கும் பிந்தித் தொடங்கியோருக்கும் 80 வாரங்களின் முடிவில் வேறுபாடில்லை எனக் காட்டியது. மருந்து நோயின் போக்கைத் தடுக்கவில்லை, விரைவுபடுத்தவும் இல்லை. எனவே, ஒட்சியேற்றத்துக்கு அஞ்சி அதனைத் தள்ளிவைக்க வேண்டிய நியாயம் இல்லாது போயிற்று.

முடிவுரை

அவ்வாறாயின் ஒட்சியேற்றக் கொள்கை பொய்யா? அங்ஙனம் கூறுதல் பொருந்தாது. எம்.பி.ரி.பி. நஞ்சின் வரலாறும், இழைமணியைப் பேணும் பரம்பரையலகுகளின் செய்தியும், ஒட்சியேற்றம் கலத்தின் அழிவில் மெய்யாகவே பங்குகொள்கின்றது என்பதற்குச் சான்றுகளாம். ஆனால் அது சுழலும் வட்டத்தின் ஒரு கண்ணி மாத்திரமே. அதனை மட்டும் தளர்த்துவதால் வட்டம் நின்றுவிடுவதில்லை. கொடுத்த பொருள்கள் வேண்டிய கலத்தின் இழைமணியை வேண்டிய அளவிற் சென்றடைந்தனவா என்பதும் வினாவே. அரைப்பங்கு கலங்கள் அழிந்தபின் மருந்து தொடங்குவதும் காலந்தாழ்ந்த செயலாக இருக்கலாம். இவற்றோடு, கலங்கள் ஒட்சியேற்றப் பொருள்களைச் சிற்றளவில் தம்முட் செய்தி அறிவிக்கவும் பயன்படுத்துகின்றனவாதலின், அவற்றை அடியோடு ஒழித்தல் நன்மையாகாது.

இவ்வறிவு நம் இல்லங்களிலும் பயன்படவேண்டும். நரம்புக்கலத்தைக் காக்கும் எதிரொட்சியேற்றி எனக் கூறி விலையுயர்ந்த மாத்திரைகளையும் பானங்களையும் விற்போர் உளர். பாக்கின்சன் நோயை அத்தகைய பொருளெதுவும் தடுத்துநிறுத்தியதாக இன்றுவரை நிறுவப்படவில்லை. பூனைக்காலி விதையில் மருந்துப்பொருள் இருப்பது உண்மையாயினும், விதைக்கு விதை அதன் அளவு மாறுபடும். வைத்தியர் தரும் மருந்தோடு அதனைத் தாமாகச் சேர்த்துண்பதால் அளவு மிகும். அளவறிந்து கொடுக்கப்படும் லெவோடோபாவும், நாடோறும் செய்யும் தேகப்பயிற்சியும், நடையிலும் பேச்சிலும் முறையான பயிற்சியும் நோயாளரின் வாழ்வை எளிதாக்குகின்றன என்பது அனுபவத்தாலும் ஆய்வாலும் தெளிந்த செய்தி. முதியவர் ஒருவரின் கை ஓய்வில் நடுங்கினாலோ, நடை குறுகினாலோ, எழுத்துச் சிறுத்தாலோ, அதனை முதுமை என்று விட்டுவிடாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் வீட்டாரின் கடமையாகும்.

விஞ்ஞானம் பயிலும் மாணவர் இவ்வரலாற்றில் வேறொன்றையும் கற்கலாம். கருத்தொன்று இரசாயனத்துக்கு இசைந்து, விலங்கிற் பொருந்தி, கற்றோருக்கும் உவப்பாக இருந்தும், நோயாளரிடத்துச் சோதித்தபோது பயன்படாது போயிற்று. அச்சோதனைகளில் ஆண்டுக்கணக்காகப் பங்குகொண்ட ஆயிரக்கணக்கான நோயாளரே, எவ்வழி செல்லலாகாது என்பதைப் பின்வருவோருக்கு அறிவித்தோராவர். நோய் வெளித்தோன்றுமுன்னரே அதனை அறிதலும், இழைமணியையும் புரதத் திரட்சியையும் நேரே சீர்செய்தலும் இன்றைய ஆராய்ச்சியாளரின் நோக்கமாக உள்ளன.